காசு எந்தத் தொழிலுக்குப் போனது, போனதால் என்ன நடந்தது: திருகோணமலையில் இருந்து ஒரு மதிப்பீட்டுக் கையேடு

மதிப்பீடு செய்யச் சொல்லி ஒரு பைல் உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்று வையுங்கள். மாவட்டத்துக்கென்று மூன்று நான்கு தொழில்களைத் தெரிந்தெடுத்து, மீன் பதனிடல், சுற்றுலா, பால் உற்பத்தி என்று ஏதோ ஒரு பட்டியல் போட்டு, ஐந்து வருடமாக மானியம், இயந்திரம், பயிற்சி, கட்டடம் என்று செலவழித்திருக்கிறார்கள். இப்போது இதனால் பயன் வந்ததா என்று நீங்கள் எழுதித் தர வேண்டும். கையில் மூன்று மாதம், ஒரு வாடகை வான், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் படித்து முடித்த இரண்டு பிள்ளைகள். அவ்வளவுதான்.

இந்த வேலையை நான் சில தடவை செய்திருக்கிறேன். முதல் தடவை படுமோசமாகச் செய்தேன், அதைக் கீழே சொல்கிறேன். அபிவிருத்தி உத்தியோகத்தர்கள், என்ஜிஓக்களில் கண்காணிப்பு வேலை பார்ப்பவர்கள், ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள், இவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். புள்ளிவிபரவியல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கூட்டல் கழித்தல் தெரிந்தால் பாதித் தூரம் போகலாம்.

முதலில், இது என்ன வகைத் திட்டம்

எல்லாத் தொழிலுக்கும் கொஞ்சம் கொஞ்சம் தெளிக்காமல், இந்தப் பிராந்தியத்துக்கு எது கைவரும் என்று பார்த்து அதில் மட்டும் காசைக் குவிப்பது, இதுதான் அடிப்படை யோசனை. ஐரோப்பாவில் இதற்கு ‘திறன்மிகு சிறப்பாக்கம்’ என்ற பொருளில் ஒரு பெயர் வைத்து, 2009 வாக்கில் சில பொருளியலாளர்கள் எழுதத் தொடங்கினார்கள். 2014 முதல் 2020 வரையான நிதிக் காலத்தில் ஐரோப்பிய ஒன்றியம் அதைக் கட்டாயமே ஆக்கியது: அப்படி ஒரு தெரிவுத் திட்டம் எழுதிக் காட்டாத பிராந்தியத்துக்கு ஆராய்ச்சி, புத்தாக்கத்துக்கான பிராந்திய நிதி கிடையாது. 120க்கும் மேற்பட்ட திட்டங்கள் எழுதப்பட்டன. அதில் ஒரு முக்கியமான நிபந்தனை, எந்தத் தொழில் என்பதை அதிகாரிகள் அறைக்குள் இருந்து தீர்மானிக்கக் கூடாது, தொழில் செய்பவர்களும் பல்கலைக்கழகக்காரரும் சேர்ந்து பேசித் தேட வேண்டும் என்பது. நடைமுறையில் எவ்வளவு நடந்தது என்பது வேறு கதை.

நமக்கு இது புதிதா என்றால், தொழிலைத் தெரிந்தெடுத்துக் காசு போடுவது பழசுதான். கந்தளாய் சீனித் தொழிற்சாலையை வைத்துக் கரும்பு நடச் சொன்னார்கள், ஆலை 1990களில் மூடிப் போனது. புல்மோட்டை மணலுக்கு 1957 இலேயே கூட்டுத்தாபனம் வந்துவிட்டது, ஆனால் அந்த மணலில் உள்ள இல்மனைட் என்ற கனிமம் இன்றைக்கும் பெரும்பாலும் மணலாகவே கப்பலேறுகிறது, அதிலிருந்து வரும் வெள்ளை நிறமி நமக்குப் பெயின்ற் டின்னில் திரும்பி வருகிறது. சீனக்குடாவில் மா ஆலை 1980 இல் ஓடத் தொடங்கியது, சீமெந்து ஆலையும் அந்தப் பத்தாண்டில்தான் வந்தது. இவை எல்லாம் முதலீடு. புத்தாக்கக் கொள்கையா என்று கேட்டால் நான் இல்லை என்பேன். ஏனென்றால் புத்தாக்கக் கொள்கை என்பது ஒரு தொழிலுக்குள் இருப்பவர்கள் முன்பு செய்யாத ஒன்றைச் செய்யத் தொடங்க வேண்டும் என்பதற்காகப் போடும் காசு. ரோட்டுப் போட்டதையும் காணி கொடுத்ததையும் அதே பெயரில் எழுதியிருப்பார்கள். ஆகவே பைலைத் திறந்ததும் முதல் வேலை, செலவுகளை இரண்டாகப் பிரிப்பது: எது புதிதாகச் செய்ய வைப்பதற்கான செலவு, எது எப்படியும் செய்திருக்க வேண்டிய பொது வேலை. ஒரு தடவை இப்படிப் பிரித்தபோது ‘புத்தாக்கம்’ என்ற தலைப்பின் கீழ் மதில் கட்டிய செலவு இருந்தது. மதில் நல்ல மதில்தான், அது வேறு விஷயம்.

தெரிவைத் தனியாக மதிப்பிடுங்கள்

பெரும்பாலான அறிக்கைகள் இந்த இடத்தைத் தாண்டி ஓடிவிடும். தொழில் ஏற்கெனவே தெரிவாகிவிட்டது, நாம் விளைவை மட்டும் பார்ப்போம் என்று. ஆனால் தெரிவு பிழை என்றால் அதற்குப் பிறகு எவ்வளவு ஒழுங்காகச் செலவழித்தாலும் பயனில்லை. எனவே தெரிவு நடந்த கூட்டக் குறிப்புகளைக் கேளுங்கள். யார் இருந்தார்கள், எந்தத் திகதி, வேறு எந்தத் தொழில்கள் மேசையில் இருந்து கைவிடப்பட்டன, எதற்காக. கைவிடப்பட்ட பட்டியல் இல்லை என்றால் அங்கே தெரிவே நடக்கவில்லை, அறிவிப்புத்தான் நடந்திருக்கிறது. நம் மாகாணத்தில் இதற்கு இன்னொரு சிக்கல்: கிழக்கு மாகாண சபையின் ஆயுட்காலம் 2017 இல் முடிந்த பிறகு தேர்தல் நடக்காமல் ஆளுநரின் கீழ் நிர்வாகம் ஓடிய காலம் நீளமானது. அந்தக் காலத்துத் திட்டம் என்றால் தெரிவுக்குப் பொறுப்பு யார் என்று கண்டுபிடிப்பதே ஒரு நாள் வேலை.

தெரிவு சரியா என்று பார்க்க நான் கேட்பது மூன்று கேள்வி. இந்தத் தொழிலில் ஏற்கெனவே கை பழகிய ஆட்கள் மாவட்டத்தில் இருக்கிறார்களா? அவர்கள் மேலே போக முடியாமல் தடுப்பது தனி ஆள் சரிக்கட்ட முடியாத ஒன்றா, அதாவது பரிசோதனைக் கூடமோ, தரச் சான்றிதழோ, குளிர்ச் சங்கிலியோ (பிடித்த இடத்தில் இருந்து விற்கும் இடம் வரை சரக்கைக் குளிரில் வைக்கும் ஏற்பாடு), எல்லோருக்கும் சேர்த்து ஒன்று இருந்தால் போதும் என்ற மாதிரி? அரசாங்கம் ஒன்றும் செய்யாவிட்டாலும் நாளைக்கு ஒரு முதலாளி வந்து இதைச் செய்வாரா? முதல் இரண்டுக்கும் ஆம், மூன்றாவதற்கு இல்லை என்றால் தெரிவு ஓரளவு நியாயம்.

திருகோணமலைக்கு வந்த திட்டக்காரர் எல்லோரும் முதலில் பார்ப்பது துறைமுகத்தை. ஆழமான இயற்கைத் துறைமுகம், உண்மைதான். ஆனால் ஆழம் ஒரு வளம், அதுவே ஒரு தொழில் ஆகிவிடாது. எண்ணெய்த் தாங்கிகளைப் பாருங்கள், பிரித்தானியர் கட்டிவிட்டுப் போன 99 தாங்கி, 2003 இல் ஒரு குத்தகை, 2022 ஜனவரியில் புதிய ஒப்பந்தம், 14 இந்திய எண்ணெய்க் கம்பனிக்கு, 24 நம் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு என்று பிரித்தார்கள். இத்தனை வருடத்தில் அந்தத் தாங்கிகளைச் சுற்றி உள்ளூரில் எத்தனை பேர் என்ன புதிய வேலை கற்றுக்கொண்டார்கள் என்று எண்ணிப் பார்த்தால் வளத்துக்கும் தொழிலுக்கும் உள்ள தூரம் தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது, அதை எந்தக் கையேட்டிலும் பெரிதாகப் போட மாட்டார்கள். தெரிந்தெடுத்த தொழிலுக்கு இடம் யாருடையது? சம்பூரில் 2006 இல் இடம்பெயர்ந்த சனம் வருடக்கணக்காக முகாம்களில் இருந்தபோது அவர்கள் ஊர் கைத்தொழிலுக்கும் அனல்மின் நிலையத்துக்கும் என்று குறிக்கப்பட்டிருந்தது. 500 மெகாவாட் நிலக்கரித் திட்டம் 2016 இல் கைவிடப்பட்டது, இப்போது அங்கே சூரிய மின் திட்டம். வராத ஒரு நிலையத்துக்காகச் சனம் இழந்த விதைப்புக் காலங்களை எந்தக் கணக்கில் எழுதுவது? நான் இப்படிப்பட்ட செலவை அறிக்கையில் தனிப் பந்தியாகவே போடுவேன், தொகை போட முடியாவிட்டாலும்.

முன்னுக்குப் பின் என்ற பொறி

2018 இல் இவ்வளவு, 2023 இல் இவ்வளவு, ஆகவே திட்டம் வெற்றி. இப்படி எழுதிய அறிக்கைகள் கச்சேரி (மாவட்டச் செயலக) அலுமாரிகளில் எத்தனை கிடக்கிறதோ தெரியாது. நம் நாட்டில் அந்த ஐந்து வருடத்துக்குள் என்ன நடந்தது என்று ஒரு தடவை விரலை மடித்துப் பாருங்கள். 2019 ஏப்ரலில் ஈஸ்டர் தாக்குதல், நிலாவெளியிலும் உப்புவெளியிலும் சீசன் தொடங்கும் நேரத்தில் அறைகள் வெறிச்சோடின. 2020 இல் கொவிட். 2021 இல் இரசாயன உரத் தடை, கிண்ணியா, தம்பலகாமம் பக்கம் வயல் செய்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். 2022 இல் டொலர் 200 ரூபாய் அளவில் இருந்து சில வாரங்களில் 360க்குப் போனது, செப்டெம்பரில் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 சதவீதம். மண்ணெண்ணெய் இல்லாமல் போட் எல்லாம் கரையில் கிடந்தது.

இந்த நிலையில் ஒரு கருவாட்டு நிறுவனத்தின் வருமானம் ரூபாயில் இரண்டு மடங்கானது என்றால் அதற்கு அர்த்தமே இல்லை. நெத்தலி விலை ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். அதே மாதிரி ஒரு விடுதி 2020 ஐ விட 2023 இல் மூன்று மடங்கு ஆட்களை வரவேற்றது என்றால் அது திட்டத்தின் புண்ணியமாக இருக்கத் தேவையில்லை. ரூபாயை விட்டுவிட்டுக் கிலோவில், ஆளில், நாளில் கேளுங்கள். எத்தனை கிலோ, எத்தனை பேர் வேலைக்கு, எத்தனை வகைச் சரக்கு, எத்தனை வாங்குபவர்கள்.

அப்படிக் கேட்டாலும் பாதிப் பிரச்சினைதான் தீரும். மீதிப் பாதி: திட்டம் இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதைக் கண்ணால் காண முடியாது. அதற்கு மிக நெருக்கமான ஒன்றைத் தேட வேண்டும், மதிப்பீடு என்ற வேலையே இந்தத் தேடல்தான்.

மூன்று தடவை கழிப்பது

எனக்குப் பிடித்த உதாரணம் ஜேர்மனியின் பவேரியா மாநிலம். 1999 இல் தங்களிடம் இருந்த அரசுப் பங்குகளை விற்ற பணத்தைப் போட்டு, உயிர்த் தொழில்நுட்பம், தகவல் தொழில்நுட்பம், புதிய மூலப்பொருட்கள் என்று சில துறைகளை மட்டும் தெரிந்தெடுத்து ஊக்குவித்தார்கள். 2010 இல் வந்த ஒரு ஆய்வு அதை மதிப்பிட்ட விதம் அழகு. பவேரியாவில் தெரிவான துறை நிறுவனங்களை முன்னும் பின்னும் பார்த்தார்கள், பவேரியாவிலேயே தெரிவாகாத துறைகளோடு ஒப்பிட்டார்கள், பிறகு அதே இரண்டு வகைத் துறையையும் மற்ற ஜேர்மன் மாநிலங்களில் எடுத்து இன்னொரு தடவை கழித்தார்கள். அதில் கிடைத்த விடை: தெரிவான துறையில் ஒரு நிறுவனம் புதிதாக எதையாவது கொண்டுவரும் வாய்ப்பு 4.6 முதல் 5.7 சதவீதப் புள்ளி கூடியிருக்கிறது. ஆனால் அதே நிறுவனங்களின் ஆராய்ச்சிச் செலவு சராசரியாக 19.4 சதவீதம் குறைந்திருக்கிறது. ஆராய்ச்சிச் செலவை மட்டும் பார்த்திருந்தால் திட்டம் தோல்வி என்று எழுதியிருப்பார்கள். வெளியில் இருந்து அறிவு கிடைத்ததால், பொது ஆய்வு நிறுவனங்களோடு சேர்ந்ததால், குறைந்த செலவில் கூடுதலாகச் செய்தார்கள் என்பதுதான் அதன் வாசிப்பு. உள்ளே போவதை அளப்பதும் வெளியே வருவதை அளப்பதும் வேறு வேறு என்பதற்கு இதை விட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

சரி, இதை இங்கே எப்படிச் செய்வது? வெறும் விளக்கத்துக்காக எண்களை நானே போடுகிறேன். திருகோணமலையில் மீன் பதனிடும் நூறு சிறு நிறுவனங்களில் திட்டத்துக்கு முன் 10 புதிய சரக்கு ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்திருந்தன, பின்னர் 22. கூடியது 12. அதே மாவட்டத்தில் திட்டம் தொடாத உணவுத் தொழில், அரிசி ஆலை, பேக்கரி, மிக்சர் போடும் வீடுகள், இவற்றில் நூற்றுக்கு 8 இல் இருந்து 15, கூடியது 7. பன்னிரண்டில் ஏழு போனால் 5. இப்போது திட்டம் இல்லாத இன்னொரு மாவட்டம், புத்தளம் என்று வையுங்கள்: மீன் 12 இல் இருந்து 18, மற்ற உணவு 9 இல் இருந்து 13. அங்கே வித்தியாசம் 2. ஐந்தில் இரண்டு போனால் 3. அந்த மூன்றுதான் திட்டத்தின் பெயரில் எழுதக்கூடிய எண், பன்னிரண்டு அல்ல.

உடனே சந்தோஷப்பட வேண்டாம். நூறு நூறு நிறுவனமாகப் புதிது புதிதாகப் பொறுக்கி எடுத்துப் பார்த்தால் இந்த மாதிரிக் கணக்கில் நியம வழு, அதாவது தற்செயலாகவே விடை எவ்வளவு ஆடக்கூடும் என்ற அளவு, ஒன்பது புள்ளிக்கு மேல் வரும். மூன்று அதற்குள் மூழ்கிப் போகும். முன்னும் பின்னும் அதே நிறுவனங்களையே தொடர்ந்து பார்த்தால் வழு குறையும், எண்ணிக்கையைக் கூட்டினால் குறையும். இரண்டும் முடியாவிட்டால் ‘விளைவு நல்லதாக இருக்கலாம், நம்மிடம் உள்ள தரவால் சொல்ல முடியாது’ என்று எழுதத் துணிவு வேண்டும். எழுதிப் பாருங்கள், ஒன்றும் வானம் இடிந்து விழாது.

ஒப்பிட எந்த மாவட்டம் என்பதில்தான் சண்டை வரும். மட்டக்களப்பு என்று எல்லோரும் சொல்வார்கள், பக்கத்தில் இருக்கிறது, சனமும் ஒரே மாதிரி. ஆனால் திட்டம் மாகாணத்தினுடையது என்றால் மட்டக்களப்புக்கும் அம்பாறைக்கும் அதே காசு போயிருக்கும், ஒப்பீடு கெட்டுவிடும். முல்லைத்தீவு கடல் நம் கடலை ஒத்தது, ஆனால் போருக்குப் பிறகு அது எழும்பிய வேகம் வேறு. புத்தளத்தில் களப்பும் கருவாடும் கற்பிட்டிச் சுற்றுலாவும் உண்டு, ஆனால் அது கொழும்புச் சந்தைக்குக் கிட்ட, பருவமும் தலைகீழ். ஒன்றும் முழுதாகப் பொருந்தாது, ஆகவே இரண்டு மூன்றை எடுத்துத் தனித்தனியாகக் கணக்குப் பார்த்து விடை எவ்வளவு ஆடுகிறது என்று காட்டுங்கள். இன்னொரு சோதனை கட்டாயம்: திட்டம் தொடங்குவதற்கு முந்திய மூன்று நான்கு வருடம் இரண்டு மாவட்டமும் ஒரே போக்கில் போயிருந்தனவா? முந்தியே பிரிந்து போய்க்கொண்டிருந்தால் அந்த ஒப்பீட்டைத் தூக்கிப் போடுங்கள்.

கிடைக்காதவர்களின் பட்டியல்

மானியம் எடுத்தவர்களை எடுக்காதவர்களோடு ஒப்பிடுவது எளிது, ஆபத்தும் அதில்தான். விண்ணப்பம் போட்டவர் யார்? வியாபாரப் பதிவு உள்ளவர், படிவத்தை நிரப்பத் தெரிந்தவர், டி.எஸ். ஒபிஸில் (பிரதேச செயலகத்தில்) ஒரு ‘மிஸ்’ஐத் தெரிந்தவர். இவர் மானியம் இல்லாமலேயே முன்னுக்கு வந்திருப்பார்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. இத்தாலியில் எமிலியா-ரோமாஞா பிராந்தியம் ஆராய்ச்சி மானியத்துக்கு வந்த விண்ணப்பங்களுக்குப் புள்ளி போட்டது, நூறுக்கு 75 எடுத்தால் காசு. 74 எடுத்தவருக்கும் 76 எடுத்தவருக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது அல்லவா, காசு கிடைத்தது ஒன்றுதான் வித்தியாசம். அந்த எல்லையின் இரண்டு பக்கமும் நின்றவர்களை ஒப்பிட்டபோது, மொத்தமாகப் பார்த்தால் விளைவு இல்லை, சிறிய நிறுவனங்களில் மட்டும் முதலீடு கூடியிருந்தது. பிரித்தானியாவில் பின்தங்கிய பகுதிகளுக்கான முதலீட்டு மானியத்தை ஆராய்ந்தவர்களுக்கும் கிட்டத்தட்ட இதே விடை: சிறியவர்கள் ஆள் சேர்த்தார்கள், பெரியவர்கள் காசை எடுத்தார்கள், வேலைவாய்ப்பில் மாற்றம் இல்லை. இரண்டு நாட்டில் ஒரே கதை என்றால் உங்கள் அறிக்கையிலும் சிறிது, பெரிது என்று பிரித்துக் கட்டாயம் பாருங்கள்.

நம் திட்டங்களிலும் நேர்முகத் தேர்வு, புள்ளித் தாள் எல்லாம் உண்டு. தேர்வானவர் பட்டியல் சுவரில் ஒட்டப்படும், தேர்வாகாதவர் தாள் எங்கேயோ பெட்டியில் கிடக்கும். தர மறுத்தால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, தகவல் உத்தியோகத்தருக்கு எழுதிக் கொடுங்கள், 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். ஒரு தந்திரம்: பெயர், அடையாள அட்டை இலக்கம் கேட்காதீர்கள். தனிப்பட்ட விபரம் என்று சொல்லி முழுவதையும் மறுக்க அது வழி விடும். புள்ளி, கிராம சேவகர் பிரிவு, தொழில் வகை, கேட்ட தொகை, கொடுத்த தொகை, இவ்வளவும் போதும். மூன்று மொழியில் எதில் கேட்டாலும் சரி, நான் தமிழில்தான் கேட்பது வழக்கம், பதில் சிங்களத்தில் வந்த நாளும் உண்டு.

களத்துக்குப் போகும் மாதம்

இப்போது என் முதல் தடவைக் கதை. குச்சவெளிப் பக்கம் கருவாடு போடும் பெண்கள் குழு ஒன்றுக்கு மின் உலர்த்தி கொடுத்திருந்தார்கள். நாங்கள் போனது ஆகஸ்ட் மாதம். உலர்த்தியின் கதவைத் திறந்தால் உள்ளே வலைத் துண்டும் இரண்டு வாளியும் ஒரு பிள்ளையின் உடைந்த சைக்கிளும். வெளியே பரண் நிறையக் கட்டாக் கருவாடு வெயிலில் கிடக்கிறது. ‘பயன்பாட்டில் இல்லை’ என்று எழுதி, படமும் எடுத்து, அறிக்கையில் போட்டேன். அந்தப் படம் நன்றாக எடுபட்டது, கூட்டத்தில் எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

அடுத்த வருடம் வேறு வேலையாகப் போனபோது அந்தக் குழுவின் தலைவி அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, வெயில் சும்மா காயுற நேரத்தில ஆர் கரண்டுக்குக் காசு கட்டுவினம்?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய் ஒரு ஷொப்பிங் பையில் சுருட்டி வைத்திருந்த கரண்ட் பில்களை எடுத்து வந்து பாயில் பரப்பினார். பார்த்தால் மே முதல் செப்டெம்பர் வரை யூனிட் ஒன்றும் இல்லை, வெறும் மாதக் கட்டணம். நவம்பரில் ஏறுகிறது, டிசம்பரில் கடல் கொந்தளித்து மீன் இல்லாததால் கொஞ்சம் இறங்குகிறது, ஜனவரியில் உச்சம். மாரியில்தான் உலர்த்திக்கு வேலை. மழையில் மீன் அழுகிக் கரையில் கொட்டிய நாட்கள் போய், அந்த மூன்று மாதமும் அவர்களுக்குச் சரக்கு இருந்தது, மாரியில் கருவாட்டு விலையும் நல்ல விலை. நான் எழுதியதற்கு நேர் எதிர். அந்த அறிக்கையைத் திருத்தி ஒரு கடிதம் கொடுத்தேன், அது யாருடைய மேசையில் தூங்குகிறதோ.

அன்றிலிருந்து இயந்திரம் கொடுத்த எந்தத் திட்டத்துக்கும் நான் முதலில் கேட்பது பன்னிரண்டு மாதக் கரண்ட் பில். ஆட்கள் மறப்பார்கள், கூட்டிச் சொல்வார்கள், பில் அப்படிச் செய்யாது. ஐஸ் வாங்கிய துண்டு, லொறிக்காரன் எழுதிக் கொடுத்த சிட்டை, பொதி செய்யும் பை வாங்கிய பற்றுச்சீட்டு, இவையும் அதே மாதிரி. பேங்க் கணக்கைக் கேட்காதீர்கள், முகம் மாறிவிடும்.

பருவம் சுற்றுலாவுக்கும் பொருந்தும். புறாத்தீவுக்குப் படகு விடுபவர்களிடம் ஜூலையில் ஒரு கணக்கும் டிசம்பரில் ஒரு கணக்கும் எடுத்து ஒப்பிட்டால் அது பகிடி. மீனிலும் ஒரு கோளாறு: தென்மேற்குப் பருவத்தில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து ஆட்கள் இங்கே வந்து வாடி (தற்காலிகக் கொட்டில்) அடிப்பார்கள், அவர்கள் பிடிக்கும் மீனும் மாவட்டக் கணக்கில் சேரும். பிடி கூடியது என்று சந்தோஷப்படும் முன் யாருடைய பிடி என்று பாருங்கள்.

கேள்வி கேட்கும் விதத்துக்கு வருவோம். ‘நீங்கள் புத்தாக்கம் செய்தீர்களா, ஆம் / இல்லை’ என்று ஒரு வினாக்கொத்தில் பார்த்தேன். எல்லோரும் ஆம். புத்தாக்கத்தை அளப்பதற்கு உலகம் முழுக்கப் பாவிக்கும் ஒஸ்லோ கையேட்டின் 2018 பதிப்புச் சொல்வது எளிமையானது: முன்பிருந்ததை விடக் கணிசமாக வேறுபட்ட ஒரு பொருளோ செயல்முறையோ, அது பாவனைக்கு வந்திருக்க வேண்டும். உலகத்துக்கே புதிதாக இருக்கத் தேவையில்லை, அந்த நிறுவனத்துக்குப் புதிது என்றால் போதும். ஆகவே கேள்வியை இப்படி மாற்றுங்கள்: “மூன்று வருடத்துக்கு முன் விற்காத எதையாவது இப்போது விற்கிறீர்களா? இருந்தால் ஒன்றைக் காட்டுங்கள்.” காட்டச் சொல்வதுதான் முக்கியம். வெறும் பையில் கட்டிய கருவாட்டுக்கு லேபல் ஒட்டியதைக் காட்டுவார்கள், முள் நீக்கிக் காற்றிழுத்து அடைத்த பொதியையும் காட்டுவார்கள். எது எது என்று நீங்கள் பார்த்துப் பிரிக்கலாம்.

அரச தரவுகளைப் பற்றி இரண்டு சொல். மத்திய வங்கி மாகாண மொத்த உற்பத்தியை வெளியிடுகிறது, ஆனால் அது மூன்று மாவட்டத்துக்கும் சேர்த்து, உங்கள் திட்டம் அதில் கடுகு. தொழிற்படை ஆய்வில் மாவட்ட எண் கிடைக்கும், மாவட்டத்துக்குள் மீன் பதனிடல் என்று இறங்கினால் மாதிரி மிகச் சிறிதாகிவிடும். ஊழியர் சேமலாப நிதிக் கணக்கை (முதலாளி ஊழியர் பெயரில் கட்டும் ஓய்வுக்காலச் சேமிப்பை) நம்பி வேலைவாய்ப்பை எண்ணினால் சின்னத் தொழில்களில் பாதிக்கு மேல் கணக்கிலேயே வராது. மாவட்டப் புள்ளிவிபரக் கைந்நூல் கச்சேரியில் கிடைக்கும், பின்னணிக்கு நல்லது. ஆகக் கடைசியில் நீங்களே பதினொரு பிரதேச செயலகப் பிரிவிலும் சுற்றித்தான் ஆக வேண்டும்.

ஒரு பக்கம் ஏறியது மறு பக்கத்தில் இறங்கியதா

மானியம் வாங்கிய நிறுவனத்தில் ஐந்து பேர் கூடினார்கள் என்றால் அந்த ஐந்து பேரும் எங்கிருந்து வந்தார்கள் என்று கேளுங்கள். பக்கத்துத் தெருவில் மானியம் கிடைக்காத ஆலையில் இருந்து வந்தார்கள் என்றால் மாவட்டத்துக்கு லாபம் பூச்சியம், பக்கத்துத் தெரு ஆளுக்கு நட்டம். மானியத்துக்காக மட்டக்களப்பில் இருந்து பதிவை இங்கே மாற்றியவர்களும் இதில் அடக்கம். எதிர்ப்பக்கமும் உண்டு: மானியம் எடுத்தவர் கற்றதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரரும் செய்யத் தொடங்கியிருப்பார், அது கணக்கில் வராத லாபம். அதோடு அவரை நீங்கள் ‘திட்டம் தொடாதவர்’ பட்டியலில் வைத்து ஒப்பிட்டால் விளைவு குறைந்து தெரியும். எனவே ஒப்பீட்டு ஆட்களை அதே ஊரில் எடுக்காமல் கொஞ்சம் தள்ளி எடுங்கள்.

செலவைக் கூட்டும்போது காசோலையை மட்டும் கூட்டாதீர்கள். வரிச் சலுகை, சும்மா கொடுத்த காணியின் சந்தை விலை, உத்தியோகத்தர் சம்பளத்தில் ஒரு பங்கு, பயிற்சிக்கு வந்தவர்கள் தொழிலுக்குப் போகாமல் விட்ட நாட்கூலி, இவ்வளவும் செலவு. இந்த மொத்தத்தை, மேலே கழித்துக் கழித்து எடுத்த அந்தச் சின்ன எண்ணால் வகுக்க வேண்டும். பயனாளிகள் எண்ணிக்கையால் வகுத்து ‘ஒருவருக்கு இவ்வளவு மட்டுமே’ என்று எழுதுவது கண்கட்டு.

அப்புறம், தோல்விகளின் எண்ணிக்கை. இருபது நிறுவனத்துக்குக் கொடுத்து இருபதும் ‘வெற்றி’ என்று இருந்தால் நான் சந்தேகப்படுவேன். எப்படியும் வெல்லக்கூடியவர்களுக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள். புதிதாக முயல்வதற்குக் கொடுத்த காசு என்றால் சிலது போகத்தான் வேண்டும். கேட்க வேண்டியது, போகிறது என்று தெரிந்ததும் நிறுத்தினார்களா, அதற்கு விதி ஏதும் முன்கூட்டியே எழுதி இருந்ததா என்பது. நம்மூரில் தொடங்குவதற்கு ரிபன் வெட்டுவார்கள், நிறுத்துவதற்குக் கையெழுத்துப் போட யாரும் முன்வர மாட்டார்கள்.

எழுதும்போது

முதல் பக்கத்தில் ஒரே ஒரு அட்டவணை போதும்: தெரிவு எப்படி நடந்தது, விளைவு எவ்வளவு (வழுவோடு), செலவு எவ்வளவு, யாருக்கு நட்டம். திட்டம் முடிந்து ஒரு வருடத்துக்குள் எழுதுகிறீர்கள் என்றால் அதையும் முகப்பிலேயே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் இயந்திரம் வாங்கிய வருடம் எப்போதும் செலவு வருடம், சரக்கு சந்தைக்குப் பழக இரண்டு மூன்று வருடமாவது பிடிக்கும். தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள், ஆங்கிலத்தில் எழுதியதை மாவட்டத்தில் நாலு பேர்தான் படிப்பார்கள், அந்த நாலு பேருக்கும் விஷயம் ஏற்கெனவே தெரியும்.

புதிய திட்டம் தொடங்கும் கட்டத்திலேயே உங்களைக் கூப்பிட்டால் அது பெரிய அதிர்ஷ்டம், உடனே மூன்று விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் போட்ட எல்லோரிடமும், கிடைத்தவர் கிடைக்காதவர் என்று பார்க்காமல், காசு போகும் முன்பே ஒரு பக்க விபரம் எடுத்து வையுங்கள். புள்ளித் தாள்களை ஸ்கேன் பண்ணி இரண்டு இடத்தில் சேமியுங்கள். களத்துக்குப் போகும் மாதங்களை நாட்காட்டியில் இப்போதே குறியுங்கள், ஒன்று ஜூலையில், ஒன்று ஜனவரியில். ஜனவரிக்குக் குடையும் கொண்டு போங்கள், குச்சவெளி ரோட்டில் இறங்கி அந்தக் கொட்டிலுக்கு நடப்பதற்குள் நனைந்துவிடுவீர்கள்.